வெளியில் தெரியாத காயம்



மரதன் ஓட்டத்தை அறியாத இளைஞர் நம்மிடையே இல்லை. ஆனால் மரதன் என்பது கிரேக்க நாட்டிலுள்ள ஒரு சமவெளியின் பெயர் என்பதும், கி.மு. 490 ஆம் ஆண்டில் அங்கே ஏதென்ஸ் நகரத்தாரும் பாரசீகப் படையினரும் மோதினர் என்பதும் பலருக்குத் தெரியாது. அப்போரில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை ஹெரோடோட்டஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்துள்ளார்.

எபிசேலஸ் என்ற ஏதென்ஸ் வீரன் களத்தில் போரிட்டுக் கொண்டிருந்தான். அவன் மீது வாளும் படவில்லை, அம்பும் தைக்கவில்லை. எனினும் திடீரென அவனது இரு கண்களும் பார்வையிழந்தன. நீண்ட தாடியுடைய பேருருவம் ஒன்று தன்னெதிரே தோன்றி, தன்னைக் கடந்து சென்று, அருகில் நின்ற தோழனைக் கொன்றதாக அவன் பின்னர் கூறி வந்தானாம். இறக்கும்வரை பார்வை திரும்பவேயில்லை. ஹெரோடோட்டஸ் அவனைக் கோழை என்று கூறவில்லை. துணிவுடன் போரிட்டவன் என்றே குறிப்பிடுகிறார். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில், இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்களுக்கு அந்த நிதானம் இருக்கவில்லை.

முதலாம் உலக யுத்தத்தின்போது பீரங்கிக் குண்டுகளுக்கு மத்தியில் மாதக் கணக்கில் பதுங்கு குழிகளில் கிடந்த வீரர்கள் பேச்சிழந்தனர், கை கால் நடுங்கினர், உறக்கத்தில் அலறினர். 1915 இல் சார்ள்ஸ் மையர்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் இந்நோயைக் 'குண்டதிர்ச்சி' எனப் பொருள்படும் பெயரால் மருத்துவ ஏட்டில் எழுதினார். குண்டு வெடிப்பின் அதிர்வு நரம்புகளைத் தாக்குவதே காரணம் என்று முதலில் கருதப்பட்டது. ஆனால், குண்டு வெடித்த இடத்தின் அருகிலேயே இல்லாதவர்களிடமும் அதே நடுக்கம் காணப்பட்டது. காயம் பட்டது மனத்தில் என்பதை ஏற்றுக்கொள்ளப் பலருக்கு விருப்பமிருக்கவில்லை.

ஹெரி ஃபார் என்ற பிரித்தானிய வீரரின் கதை இதற்குச் சான்று. 1915 இல் இதே நோயினால் ஐந்து மாதங்கள் வைத்தியசாலையில் இருந்தார். மனைவிக்குக் கடிதம் எழுதக்கூட முடியாதவாறு கை நடுங்கியதால், தாதி ஒருவரே எழுதிக் கொடுத்தார். குணமடைந்து விட்டதாகக் கூறி மீண்டும் களத்துக்கு அனுப்பினர். 1916 செப்டெம்பரில், முன்னணிக்குச் செல்லத் தம்மால் இயலாது என்று அவர் மறுத்தார். இராணுவ நீதிமன்றம் சில நிமிடங்களில் விசாரணையை முடித்தது. அவருக்காக வாதாட ஒருவரும் இல்லை. ஒக்டோபர் மாதத்து விடியற்காலையில், தம் சொந்தப் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 25.

பெற்றோர்களே, இதற்குப் பின் நடந்ததைக் கவனியுங்கள். அவருடைய இளம் மனைவிக்கு விதவைக்குரிய உதவிப்பணம் மறுக்கப்பட்டது. கணவர் எவ்வாறு இறந்தார் என்பதை வெட்கத்தினால் அவர் வெளியில் சொல்லவில்லை. சிறு குழந்தையாக இருந்த மகளுக்கும் அவள் வளர்ந்து பெரியவளான பின்னரே உண்மை தெரிய வந்தது. போர்க்களத்தை ஒருநாளும் காணாத ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும் அந்தக் களத்தின் பாரத்தை இவ்வளவு காலம் சுமந்தனர். யுத்தம் முடிந்தது என்று நாம் சொல்லும் திகதியும், ஒரு வீட்டினுள் அது முடியும் திகதியும் ஒன்றல்ல.

வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பியோரின் நிலையைக் கண்ட பின்னரே, 1980 இல் அமெரிக்க மனநோய் மருத்துவர்கள் இதனை ஒரு நோயாகத் தமது கைந்நூலில் பதிவு செய்தனர். ஆபத்து நீங்கிய பின்னும் உள்ளம் காவலைக் கைவிடுவதில்லை. கதவு அறைந்து சாத்தப்பட்டால் உடல் துள்ளுகிறது. பழைய காட்சி மீண்டும் கண்முன் நிகழ்கிறது. சிறு பிழைக்கும் பெருங்கோபம் மூள்கிறது. வீட்டார் இதைக் கெட்ட குணம் என்று எண்ணிவிடுகின்றனர். பிள்ளைகளோ தம்மீது வெறுப்பென்று நினைத்து விலகிவிடுகின்றனர். தகுந்த வைத்தியரிடம் நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்லித் தேறியவர்கள் பலர் உளர். ஆயினும் சொல்வதற்கு முதலில் வெட்கம் விலக வேண்டுமே!

ஹெரி ஃபாரின் மகள் தம் முதுமையில் நீதிமன்றம் வரை சென்று போராடினார். 2006 இல், அவ்வாறு சுட்டுக் கொல்லப்பட்ட 306 வீரர்களுக்குப் பிரித்தானியா மன்னிப்பு வழங்கியது. அப்போது அம்மகளுக்கு வயது 93. அவருடைய தாயார் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்டார்.