சைலன்சர்



பைக் வாங்கியதும் நம் பிள்ளைகளில் சிலர் முதலில் மாற்றுவது சைலன்சரைத்தான். கிளாம்பைத் தளர்த்தி, கம்பெனி சைலன்சரை உருவிவிட்டு, உறுமுகிற ஒன்றைச் செருகிவிடுகிறார்கள்.

எஞ்சினின் இரைச்சலை உள்ளுக்குள் அடக்கி வெளியே விடுவதே சைலன்சரின் பணி. 175 சிசிக்கு மேற்பட்ட பைக்கும் தயாராகி வரும்போது 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது நம் நாட்டுச் சட்டம். தொட்டில் குழந்தையையும், இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குபவரையும், நோயாளியையும் காக்கிற வரம்பு அது. பிறரன்பும் அதையே கேட்கிறது.

ஓரேபு மலையில் பெருங்காற்றிலும், நிலநடுக்கத்திலும், தீயிலும் ஆண்டவர் இல்லை. பின்னர் வந்த மெல்லிய ஒலியில்தான் எலியா அவரை உணர்ந்தார்.

தன்னை நாலு பேர் கவனிக்க வேண்டும் என்ற ஏக்கம் இளையோருக்கு இயல்பு. ஆகவே திட்டாமல், அருகில் அமர்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்போம். வீட்டில் செவிகொடுக்க ஆளிருந்தால், தெருவில் உறுமத் தேவையிருக்காது.

இறைவன் நம்மை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.