குலை இழுக்க டீசலா, பெட்ரோலா?

தம்பின் வட்டாரத்தில் தோட்ட வேலையோடு சிறிது செம்பனை நிலமும் வைத்திருக்கும் குடும்பம், குலை ஏற்றிய டிரெய்லரை இழுக்க பிக்கப் வாங்க நினைத்தால் இந்தக் கேள்வி எழும்.

டர்போ இரண்டிலும் வரலாம். வெளியேறும் புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி அது. பெட்ரோல் எஞ்சினில் பளு ஏறினால் சூடும் ஏறும். அதைத் தணிக்கவே கூடுதல் பெட்ரோல் செலவாகும். டீசலுக்கு அந்தத் தொல்லை இல்லை. மெதுவாகச் சுழலும்போதே மேட்டில் இழுத்துவிடும். நம் நாட்டு பிக்கப்கள் பெரும்பாலும் டீசலாயிருப்பதில் வியப்பில்லை.

ஆனால் 2024 ஜூன் 10இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குத் தாவியதே! தினமும் பளு இழுப்பவருக்கு அப்போதும் டீசலே என்போம். குலை வெட்டும் நாளில் மட்டும், மாதம் இருமுறை இழுப்பவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். எதுவானாலும், மேடேறி நின்றதும் எஞ்சினை உடனே அணைக்காதீர்கள்; ஓரிரு நிமிடம் ஓடவிட்டால் சூடான டர்போவுக்கு எஞ்சின் எண்ணெய் ஓடிக் குளிரவைக்கும்.