ஒண்டிக்கடையும் ஊர்த் தேரும்

தலைப்பு: ஏழைக் குடும்பம் கரையேறத் துணை நிற்பது அரசின் தனிக் கையா? அரசும் மற்றவரும் கோத்த கையா?
(‘கோத்த கையே’ அணியில் பேசியது)

ஸ்வெட்டரும் மப்ளருமாக வந்து, குளிருக்கு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஏற்காட்டுப் பெருமக்களே! கையைக் கட்டிக்கிட்டே இருங்க, தப்பில்லை. கைதட்ட மட்டும் நடுநடுவே எடுத்துடுங்க. (சிரிப்பு)

நடுவர் அவர்களே! நான் பேச வேண்டியதில் பாதியை இந்த இடத்தோட பேரே பேசிடுச்சு. ஒண்டிக்கடை! பேர்க் காரணத்தை ஊர்ப் பெரியவங்க சொல்லட்டும். பேரைக் கேட்டதும் எனக்குத் தோணுறது, எப்பவோ இந்த மலையில் ஒரு கடை ஒண்டியா நின்னிருக்கும் என்பதுதான். இன்னிக்குச் சுத்திப் பாருங்க. ஒண்டியா நிக்க ஒரு கடைக்காவது இடம் இருக்கா? பேர்தான் ஒண்டி. ஊரெல்லாம் கூட்டணி! (கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஓங்கி அடிச்சாரு. “ஏழைப் பிள்ளைக்குச் சோறு போட்டது யாரு? அரசாங்கம்! தனியார் வந்தா கணக்குப் பார்ப்பான், லாபம் பார்ப்பான், ஏழையைப் பார்க்க மாட்டான்” என்றார். நல்ல கேள்வி. அந்தச் சோற்றிலிருந்தே ஆரம்பிப்போம்.

1950களின் நடுவில் பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சர். கல்வித்துறையை நடத்தியவர் நெ.து. சுந்தரவடிவேலு. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட ஆசை இருக்கு, கஜானாவில் காசு இல்லை. என்ன செய்தார்கள்? ஊரைக் கேட்டார்கள். நெல் வைத்திருந்தவர் நெல் கொடுத்தார், விறகு வைத்திருந்தவர் விறகு கொடுத்தார். பிறகு அரசும் பங்கு போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்குப் பத்துப் பைசா என்று கணக்கு. அதில் ஆறு பைசா அரசு, நாலு பைசா ஊர். நடுவர் அவர்களே, அந்த நாலு பைசா இல்லேன்னா ஆறு பைசா தனியா நின்னு சாதம் வடிச்சிருக்குமா? (கைதட்டல்)

எதிரணியில் ஒரு நண்பர் இப்பவே எழுதிக்கிட்டிருக்கார். என்ன எழுதுறார்னு எனக்குத் தெரியும். “1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டு வந்தப்ப ஊர்கிட்ட நாலு பைசா கேட்கலையே, அரசே முழுப் பொறுப்பும் எடுத்துக்கிட்டதே!” அதானே? (சிரிப்பு) உண்மைதான் ஐயா. வசதியான ஊர் நாலு பைசா தரும். வறண்ட ஊர் எங்கே போகும்? அதனால் அரசு எடுத்துக்கொண்டது, எடுத்துக்கொள்ளவும் வேண்டும். ஆனால் அரசு தனியாகச் செய்கிறது என்று நீங்கள் சொல்கிற வேலையிலும் அடுப்பு பற்ற வைக்கிறது யார் கை? அதைக் கடைசியில் சொல்கிறேன். மறந்துட மாட்டேன், பயப்படாதீங்க.

இப்போது இந்த மலைக்கு வருகிறேன். 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டு வந்தார். காப்பி வளர்ந்தது, தோட்டம் வளர்ந்தது, பங்களா வளர்ந்தது. பழம் பறிச்ச கை? அது அப்படியே இருந்தது. சுதந்திரம் வந்த பிறகு 1951ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் போட்டார்கள். தொழிலாளிக்கு வீடு, குடிதண்ணீர், வைத்தியம் எல்லாம் தோட்ட முதலாளி செய்து தர வேண்டும். செய்கிறாரா என்று அரசு பார்க்க வேண்டும். காசு அவர் காசு, கண் அரசின் கண். ஆனாலும் அந்தச் சட்டம் பெரிய தோட்டத்தோடு நின்றது. சின்னத் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறவளும், சேர்வராயன் மலை மேலே தனக்கென்று அரை ஏக்கர் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்து உட்கார்ந்திருந்த மலைவாசிக் குடும்பமும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். அவர்கள் வாசலுக்கு வந்தவன் யார்? வட்டிக்காரன்! நூற்றுக்குப் பத்து வட்டி. பணம் கொடுக்கும்போது தாய்மாமன் மாதிரி வருவான், வசூலுக்கு வரும்போது எமன் மாதிரி வருவான். (சிரிப்பு)

அவளுக்குப் பேங்கு இல்லையா? இருந்தது. வங்கிகளை அரசுடைமை ஆக்கியது 1969ல். அரசு வங்கிதான். ஆனால் உள்ளே போனால் என்ன கேட்பார்கள்? “ஜாமீன் இருக்கா? பட்டா இருக்கா? கையெழுத்துப் போடத் தெரியுமா?” அவளுக்கு இருந்தது ரெண்டு கையும் காப்பிக் கூடையும்தான். அரசு கதவைத் திறந்து வைத்தது. அந்த வாசற்படியில் அவளைக் கைபிடித்து ஏற்றிவிட ஆள் இல்லையே, நடுவர் அவர்களே!

அந்த ஆள் எப்படி வந்தார்? 1989ல் நம்ம பக்கத்து மாவட்டம் தர்மபுரியில், ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் நம்ம சேலத்துக்கும் வந்தது. அதில் மூன்று கை. அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் ஒரு கை. ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்த தொண்டு நிறுவனங்கள் ஒரு கை. கடன் கொடுத்த வங்கி ஒரு கை. 1992ல் நபார்டு வங்கி, நாடு முழுக்க 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கலாம் என்று சோதனையாக ஆரம்பித்தது. 1997-98ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மகளிர் திட்டம்’ பிறகு மாநிலம் முழுக்கப் போனது.

குழு எப்படி நடக்குது? பன்னிரண்டு பேர் முதல் இருபது பேர் வரை. கணக்குப் போடுவோமா? இருபது பேர், வாரம் ஆளுக்குப் பத்து ரூபாய். வாரத்துக்கு இருநூறு. 52 வாரத்தில் 10,400 ரூபாய்! பத்து ரூபாயைப் பொட்டலமா முந்தானையில் முடிஞ்சு வச்சவ, வருஷம் முடிஞ்சதும் பத்தாயிரம் ரூபாய்க் கணக்கு பேசுறா. அந்தப் பணத்தில் அவர்களுக்குள்ளேயே கடன். வட்டி உண்டு. ஆனா அந்த வட்டி யாருக்கு? குழுவுக்கே! வெளியே போகாது. ஒழுங்காக நடத்தினால், நிலம் இல்லாமல் நகை இல்லாமல் வங்கி கடன் கொடுக்கும். ஜாமீன் எது? பக்கத்து வீட்டுக்காரியோட நம்பிக்கை!

வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? “ஏண்டி, கூட்டம் கூட்டம்னு போறியே, அங்கே என்னதான் பேசுறீங்க?” அவ சொன்னாளாம்: “ஏங்க, முதல் தீர்மானம், கடன் வாங்கினவங்க பணத்தை வீட்டுக்காரர் கையில் கொடுக்கக் கூடாது!” (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சரி. எதிரணி அம்மா ஒருத்தர் கலங்கிப் பேசினாங்க. “இப்போ குழு லோன்னு சொல்லிட்டு வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துக்கிறாங்களே, தவணை கட்டாட்டி அசிங்கமாப் பேசுறாங்களே, இதுவா உங்க கோத்த கை?” அம்மா, அந்தக் கண்ணீர் உண்மை. 2010ல் ஆந்திராவில் இந்த நெருக்கடி தாங்காமல் பெண்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்து, அரசு அவசரச் சட்டம் போட்டது. நம் தமிழ்நாட்டிலும் கட்டாய வசூலுக்கு எதிராக 2025ல் சட்டம் நிறைவேற்ற வேண்டி வந்தது.

ஆனால் இரண்டையும் ஒரே தராசில் போடாதீங்க. தாய்மார்களே, இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போங்க. சுய உதவிக் குழுவில் முதலில் வருவது சேமிப்பு, பிறகு கடன். கம்பெனிக் குழுவில் முதலில் வருவதே கடன். இங்கே குழு போட்ட வட்டி குழுவுக்குள்ளே சுத்தும். அங்கே வட்டி பஸ் ஏறிப் போயிடும். இங்கே கணக்கு நோட்டு உங்க கையில். அங்கே நோட்டு அவன் பையில்! அது கோத்த கை இல்லை அம்மா, கழுத்தைப் பிடித்த கை. தனியார் வந்ததா அங்கே குற்றம்? அரசின் கை விலகியிருந்ததுதான் குற்றம். மாட்டைக் குறை சொல்லாதீங்க. மூக்கணாங்கயிறு எங்கேன்னு கேளுங்க! (கைதட்டல்)

கயிறு இருந்தால் எப்படி இருக்கும்? 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் ஓட ஆரம்பித்தது. வண்டிக்குச் செலவு அரசுப் பணம். ஓட்டி நடத்தும் பொறுப்பு ஒரு தனியார் அமைப்பு, இ.எம்.ஆர்.ஐ.க்கு. ஏறுகிற நோயாளியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது என்பது ஒப்பந்தம். இந்த மலையில் அதன் அருமை யாருக்குத் தெரியும்? இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால்தான் சேலம் பெரியாஸ்பத்திரி. ராத்திரி ரெண்டு மணிக்கு மருமகளுக்கு வலி எடுத்தா, மாமியார் அப்போ யாரைத் தேடுவா? “நீ அரசா, தனியாரா?” என்றா கேட்பா? “வண்டி வருதா?” என்றுதான் கேட்பா. (கைதட்டல்) அதே சமயம், ரோடு இல்லாத கிராமத்துக்கு எந்த வண்டியும் வராது. ரோடு போடுவது அரசு வேலை. ஒரு கை செய்ய வேண்டியதை இன்னொரு கை செய்ய முடியாது. அதனாலதான் ரெண்டு கை!

இப்போ, முதலில் கடன் வைத்த பதிலுக்கு வருகிறேன். 2022 செப்டம்பர் 15. மதுரையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. பணம் அரசுப் பணம், ஐயமே இல்லை. ஆனால் கிராமத்துப் பள்ளியில் விடியற்காலையில் எழுந்து போய் உப்புமாவும் பொங்கலும் கிளறுகிற கை யாருடையது? மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் கை! எந்தப் பெண்ணை வங்கி வாசலில் “ஜாமீன் இருக்கா” என்று கேட்டார்களோ, அவள் கையை நம்பி இன்றைக்கு அரசு ஊர்ப் பிள்ளைகளின் பசியை ஒப்படைத்திருக்கிறது. அன்றைக்கு ஊர் கொடுத்தது நாலு பைசா. இன்றைக்கு ஊர் கொடுப்பது ஒரு தாயின் கை. (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே! அரசு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வடம் இழுக்க ஊர் வேண்டும். வளைவில் தேரைத் திருப்ப முட்டுக்கட்டை போடுகிறவன் வேண்டும். முட்டுக்கட்டைக்காரன் தேரை இழுக்க முடியாது. இழுக்கிறவன் முட்டுக்கட்டை போட முடியாது. இரண்டும் சேர்ந்தால்தான் தேர் நிலைக்கு வரும். ஒண்டியாக எவரும் அந்தத் தேரை இழுத்ததில்லை என்பதால், ஏழைக் குடும்பம் கரையேறக் கோத்த கையே துணை என்று, இந்த ஒண்டிக்கடையிலேயே தாங்கள் தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.