நடந்தும் மிதித்தும் கண்ட டில்லி

டில்லிக்கு வந்து பதினோர் ஆண்டுகள் வரையில் நான் அறிந்த டில்லி, கரோல் பாகிலிருந்து அலுவலகம் செல்லும் பஸ்ஸின் ஜன்னலளவே. ஊருக்குச் சென்றால் உறவினர் செங்கோட்டையைப் பற்றிக் கேட்பர். நானோ குளிரைப் பற்றிப் பேசித் தப்பித்துக்கொள்வேன். அந்த வெட்கந்தான் என்னை நடக்கவைத்தது.

பழைய டில்லியைக் கால்நடையாகவே காணவேண்டும். 1639-இல் தொடங்கப்பெற்று, 1648-இல் ஷாஜகான் குடிபுகுந்த நகரம் அது. நடப்போருக்கும் பல்லக்குக்கும் ஏற்ற அளவில் அமைந்தது. செங்கோட்டையின் லாகூர் வாயிலுக்கு எதிரே தொடங்கும் சாந்தனி சௌக், பதேபுரி மசூதியில் முடிகிறது. மெல்ல நடந்தால் அரைமணி. 2021-இல் அவ்வீதியில் பகல்வேளையில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை விதித்தார்கள். தடையை எல்லோரும் மதிக்கிறார்களென்று நான் உறுதி கூறமாட்டேன்.

ஆயினும் சுவை பெருவீதியில் இல்லை, கிளைச் சந்துகளில் இருக்கிறது. தரீபாவில் வெள்ளி நகை, கினாரி பஜாரில் ஜரிகை, நயீ சடக்கில் புத்தகம். காரீ பாவ்லியைக் கண்ணை மூடிக்கொண்டும் அறியலாம். மிளகாய் மூட்டைகளைக் கடக்கையில் தும்மாதவரை நான் கண்டதில்லை. காசிம் ஜான் சந்தில், 1869-இல் மறைந்த கவிஞர் காலிப் தம் இறுதிக் காலத்தைக் கழித்த வீடு இருக்கிறது. வண்டியில் செல்வோர் அச்சந்தின் முனையையும் காணார்.

1931-இல் திறந்துவைக்கப்பெற்ற புது டில்லியோ வேறுவகை. அங்கே நடப்பது வீண் சோர்வு. ஒரு வட்டச் சந்திப்பிலிருந்து அடுத்ததை அடைவதற்குள் கால் ஓய்ந்துவிடும். அதற்குச் சைக்கிளே தகும். மாசித் திங்களில், ஞாயிறு விடியலில் புறப்படுங்கள். பஸ்களுக்கு வழிவிட்டு ஒதுங்குவதில் மானக்குறைவு ஏதுமில்லை.

அப்படிச் செல்கையில்தான் மரங்கள் கண்ணிற்பட்டன. நகரை அமைத்தோர் பெரும்பாலான சாலைகளுக்குச் சாலைக்கொரு மரமாகத் தேர்ந்து நட்டிருக்கின்றனர். ஜன்பத்தில் மருது, அசோகா சாலையில் நாவல், லோதி சாலையில் வேம்பு, அக்பர் சாலையில் புளி. அத்தனையும் நம் ஊர் மரங்கள்! பதினோர் ஆண்டுகள் இவற்றின் நிழலிலேயே பஸ்ஸில் போயிருக்கிறேன்.

ஒரு பங்குனியில் தஞ்சையிலிருந்து வந்த என் தாயார், ஒரு மாதம் வீட்டுப் படியிறங்கவில்லை. “பாஷை தெரியாத ஊரில் எனக்குப் பார்க்க என்னடா இருக்கிறது?” என்பார். சித்திரையில் ஒருநாள் காலை அவரை ஆட்டோவில் அழைத்துச் சென்று அக்பர் சாலையில் இறக்கினேன். அண்ணாந்து பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை. தாழ்ந்த கிளையொன்றில் கொழுந்தைக் கிள்ளி வாயிலிட்டு மென்றார். முகம் சுளித்தது; பிறகு மலர்ந்தது.

“நாவல் எந்தத் தெருவிலே?” என்றார்.

அசோகா சாலையைச் சொன்னேன். மழை தொடங்கியதும் பழம் உதிரும், விரிப்பில் உலுக்கி எடுத்து ஓரத்திலேயே வைத்து விற்பார்கள் என்றும் சொன்னேன். வைகாசியில் ஊர் திரும்ப ரயில் டிக்கெட் எடுத்திருந்தோம். அதை ஆடிக்கு மாற்றச் சொல்லிவிட்டார்.