பாலாற்றங்கரையும் பரந்த உலகும்



பாலாற்றங்கரை ஊர்களுக்கு வெளியுலகம் புதியதன்று. ஆவாரம்பட்டையிட்டுப் பதனிட்ட தோல் ஒரு காலத்தில் இங்கிருந்து கடல் கடந்து இலண்டன் சந்தைக்குச் சென்றது. இன்று ஆம்பூரில் தைக்கப்படும் காலணிகள் ஐரோப்பியத் தெருக்களில் நடக்கின்றன. எனினும், பொருள் கடல் கடப்பது வேறு. மனம் கடல் கடப்பது வேறு. விலையை மட்டும் விசாரித்துத் திரும்புபவன் ஆயிரம் காதம் சென்றாலும் தன் கடையைத் தாண்டியவன் ஆகான். சென்ற இடத்து மக்களின் மொழியையும் வாழ்வையும் அறிய முற்படுபவனே உண்மைப் பயணி. அவ்வறிவுக்கு வாயில் நூல். நூல் வழியே உள்ளூரிலிருந்தும் பயணம் செல்ல இயலும்.

இதற்கு வாணியம்பாடியே சான்று. கவிக்கோ அப்துல் ரகுமான் 1937-இல் மதுரையில் பிறந்தவர். வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். தமிழும் உருதும் அருகருகே ஒலிக்கும் ஊர் அது. ஒரே தெருவில் இரு மொழிகள் வாழ்ந்தும் ஒன்றின் கவிதை மற்றொன்றுக்கு எட்டாமற்போவது உண்டு. கவிக்கோ அந்தச் சுவரைக் கடந்தார். உருதுக் கசலையும் சப்பானிய ஐக்கூவையும் ஆழ்ந்து கற்றுத் தமிழ்க் கவிஞர்க்கு அறிமுகம் செய்தார். கசலின் ஈரடி தனித்து நின்றே முழுப்பொருள் தரும். அவ்வடிவைத் தமிழ் மூச்சோடு இணைத்தது 'மின்மினிகளால் ஒரு கடிதம்'. அயல் வடிவம் வந்ததால் தமிழ் தேயவில்லை; வளர்ந்தது. 'ஆலாபனை' 1999-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

கவிதைக்கு மட்டும் உரியதன்று இந்த விரிவு. குரோம உப்பால் தோல் பதனிடும் முறை பெருகியபின், கழிவு பாலாற்றில் கலந்தது. கிணற்று நீர் கெட்டது. தன் கிணற்றை மட்டும் அறிந்தவன் அதனைத் தலைவிதி என்பான். பிறநாட்டு அனுபவம் கற்றவனோ, அதற்குக் காரணமும் உண்டு, பரிகாரமும் உண்டு என்பான். வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1972-இல் ஸ்டாக்ஹோமிலும் 1992-இல் ரியோவிலும் உலக நாடுகள் கூடி வகுத்த கருத்துகள் அத்தீர்ப்பில் இடம்பெற்றன. கேடு நேருமுன் காத்தல் வேண்டும், கெடுத்தவனே ஈடு செய்தல் வேண்டும் என்னும் இரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. பாலாற்றுக்காக எழுதப்பட்ட அத்தீர்ப்பு, பின்னர் நாட்டின் பிற வழக்குகளிலும் எடுத்துக்காட்டப்பட்டது. ஆயினும் ஆற்றின் துயர் தீர்ந்தபாடில்லை. 2025 சனவரியிலும் உச்சநீதிமன்றம் மீண்டும் தலையிட நேர்ந்தது.

காலணி தைக்கும் பெண்கள் பலருக்கு அந்தக் காலணி போகும் ஊரைக் காணும் வாய்ப்பு இல்லை. அவர்களுக்கு ஊர் நூலகமே கப்பலாதல் வேண்டும். அதன் கதவை வேலை முடிந்து வருவோர்க்கும் திறந்து வைப்பது இலக்கிய வட்டங்களின் கடமை. கவிஞர்க்கோ மற்றொரு கடமை உண்டு. உலகைக் கற்றது போதாது. உலகுக்குச் சொல்லவும் வேண்டும். தோல் சென்ற ஊர்களுக்கெல்லாம் பாலாற்றின் கதையும் செல்லட்டும். காலணியை அணிவோர் அதனைப் படிக்கட்டும்.