குருவித் தலையில் பனங்காய்



பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லையோர ஊர்களினின்றும் புறப்பட்டு, தில்லியிலும் மும்பையிலும் குடியேறி வாழும் தமிழர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்புகையில், பெட்டிக்குள் ஒரு மாதிரிப் போர்விமானமும் இடம் பெறக்கூடும். வானொலி அலையால் தரையிலிருந்தே இயக்கப்படும் விமானம் அது. அதனைக் கட்டி முடித்த இளைஞர் உள்ளத்தில் எழும் முதல் ஆசை யாது? குறித்த எஞ்சினை விலக்கி, அதனினும் பெரியதைப் பூட்ட வேண்டும் என்பதே. அவ்வாசையைச் சற்றே எடைபோட்டுப் பார்ப்போம்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நாம் விசை, ஆற்றல், திறன் என்னும் மூன்று சொற்களையும் ஒன்றோடொன்று கலவாமல் காக்க வேண்டியுள்ளது. எஞ்சினுக்கு உரியது திறன். அதனை இருமடங்காக்கினால் வேகமும் இருமடங்காகும் என்று கருதுதல் தவறு. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், வேண்டிய திறன் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. ஆகவே இருமடங்குத் திறன் தருவது ஏறத்தாழக் கால்பங்கு வேகமே. எனினும் வேகம் ஒன்றரை மடங்காயின், அதே இறக்கை மீது காற்று சுமத்தக்கூடிய பாரம் இரண்டேகால் மடங்காகிவிடும். மெல்லிய கட்டையாலான இறக்கை அதனைத் தாங்குமா?

இனி எடை. ஈர்ப்பு மையத்திற்கு 20 செ.மீ. முன்னே 150 கிராம் கூடினால், 60 செ.மீ. பின்னே வாலில் 50 கிராம் ஈயம் வைத்தாலன்றிச் சமநிலை கிட்டாது. ஆக, சுமை 200 கிராம் ஏறிற்று. ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். மூக்குக் குட்டையான சில போர்விமான மாதிரிகளில் முன்புறம் ஈயம் வைப்பது உண்டு. அங்கே ஈயத்திற்கு மாறாகச் சற்றே கனத்த எஞ்சினை வைப்பது அறிவுடைமையே.

மெய்யான விமானங்களும் இப்பாடத்தைக் கற்றவையே. 1936இல் முதன்முதல் பறந்த ஸ்பிட்ஃபயர் 27 லிட்டர் மெர்லின் எஞ்சினைக் கொண்டது. பின்னர் ஏறத்தாழ 37 லிட்டர் கிரிஃபன் எஞ்சினைப் பொருத்தியபோது, மூக்கு நீண்டது, வால் அகன்றது, பதினான்காம் வகையில் விசிறி ஐந்து இதழ் பெற்றது. விசிறி எதிர்த்திசையில் சுழன்றமையால், ஓடுதளத்தில் இடப்புறம் இழுத்த விமானம் வலப்புறம் இழுத்தது. எஞ்சின் மாறினால் உடலும் மாற வேண்டும். ஓட்டுபவர் கையும் மாற வேண்டும். மறுதலையாக, 1961இல் பெங்களூரில் பறந்த நம் மாருத் விமானமோ, எண்ணிய வலிய எஞ்சின் கிட்டாமையால் தன் முழு வேகத்தை எட்டவில்லை. உடலும் எஞ்சினும் ஒத்திருத்தலே முறை.

நம் எல்லையோர ஊர்களில் தென்னந்தோப்பும் ரப்பர்த் தோட்டமும் நெருங்கியவை. வீடுகளும் மின்கம்பிகளும் அருகருகே உள்ளன. இறக்கை முறிந்த மாதிரி எங்கே விழும் என்று யார் சொல்வர்? அதன் விசிறி விரலைத் துணிக்கவல்லது. வேடிக்கை பார்க்கக் கூடுவோரோ சிறார்கள். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பகுத்துள்ளன. நம் இடம் எந்நிறத்தது என்பதை முன்னரே அறிதல் கடமை.

ஆதலின், கட்டுமானத் தாளில் குறித்த அளவிலேயே எஞ்சினைத் தேர்க. ஈர்ப்பு மையத்தை விரல்நுனியில் தாங்கிச் சோதித்த பின்னரே பறக்கவிடுக. சிறார்களை விசிறிக்குப் பின்னே, தொலைவில் நிறுத்துக.