கல்லாப்பெட்டியும் கையெழுத்தும்

(சிறுதொழில் செய்யும் தலித் பெண்களின் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்காமாரே, தங்கச்சிகளே, பின்வரிசையில் நிற்கிற மாணவத் தோழர்களே,

என்னை வழக்கமாகக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை தோழர்கள் வந்து, "கவிதை வேணாம் தோழர், கணக்கு சொல்லுங்க" என்றார்கள். எனக்குச் சந்தோஷம்தான். கவிதை எழுதி ஒரு பைசா சம்பாதித்ததில்லை. கணக்கு எழுதித்தான் பதினோரு வருஷமாகச் சோறு தின்கிறேன். வங்கியில் கிளார்க். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவள். நீங்கள் அந்தப் பக்கம் நிற்கிறவர்கள்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். எங்கள் சேரி அக்கா ஒருத்தி, எனக்குப் பெரியம்மா மகள் முறை, இட்லிக்கடை போட இருபதாயிரம் கடன் கேட்டு வந்தாள். கவுண்டர் முன்னால் நின்று "பாப்பா" என்று கூப்பிட்டாள். நான் எந்தத் தெருவிலிருந்து வருகிறேன் என்று அந்தக் கிளையில் அதுவரை யாருக்கும் தெரியாது. "மேனேஜர் இல்ல, நாளைக்கு வாங்க" என்றேன். மேனேஜர் உள்ளேதான் இருந்தார். இப்படி மூணு தடவை. நாலாவது தடவை அவள் வரவில்லை. தண்டல்காரனிடம் வாங்கிக் கடை போட்டாள். ஒரு வருஷம் தாங்கவில்லை. கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போனான். இப்போது யாரோ ஒருவருடைய மெஸ்ஸில் இட்லி சுடுகிறாள். பார்க்கும்போதெல்லாம் "சாப்டியா பாப்பா" என்றுதான் கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு வட்டி போட எனக்குத் தெரியவில்லை.

அவள் கடை ஏன் விழுந்தது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். அவளுக்குச் சாமர்த்தியம் போதாது என்று சொல்கிறவர்கள் அவள் சட்னியைத் தின்னாதவர்கள்.

முதல் காரணம் விலை. இன்றைய விலையில் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இட்லி அரிசி 4 கிலோ 180 ரூபாய். உளுந்து 1 கிலோ 130. உப்பு, வெந்தயம், அரைக்கிற கரண்ட் 20. கேஸ் 100. சாம்பார், சட்னி 250. இலை, பேப்பர் 30. வண்டி வாடகை 40. மொத்தம் 750. சுமார் 170 இட்லி வரும். ஆறு ரூபாய்க்கு விற்றால் 1,020. மிச்சம் 270. அக்கா இதை லாபம் என்றாள். நாமும் அப்படித்தான் சொல்கிறோம்.

விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து பத்து மணி வரை கடை. மத்தியானம் ஊறப்போட, அரைக்க, பாத்திரம் கழுவ இரண்டு மணி நேரம். ஒன்பது மணி நேர உழைப்புக்கு 270 ரூபாய். மணிக்கு முப்பது. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலியே ஒரு நாளைக்கு 336 ரூபாய். ஆக அது லாபம் இல்லை அக்கா, கூலி. அதுவும் குறைந்த கூலி. கிரைண்டர் தேய்கிறதே, அதற்கு எங்கே எடுத்து வைத்தோம்?

நம் உழைப்புக்கு விலை போடாமல் விட நமக்கு யார் கற்றுக்கொடுத்தது? தலைமுறை தலைமுறையாய் வெட்டியாகவும் அடிமையாகவும் நம்மை வேலை வாங்கியவர்கள்தான். வீட்டில் ஆம்பளை அதையே தொடர்கிறான். கடையிலும் நாமே நம்மை வெட்டிவேலை வாங்கிக்கொள்கிறோம். ஆகவே விலை போடும்போது பொருளுக்குப் பக்கத்தில் உன் கூலியை எழுது. அதற்குக் கீழே சாமான் தேய்மானத்துக்கு ஒரு இருபது முப்பது எழுது. அப்புறம்தான் லாபம். எட்டு ரூபாய்க்கு விற்றால் 1,360. மிச்சம் 610. கொஞ்சம் ஆள் குறையும். 140 இட்லி விற்றாலே 1,120 வந்துவிடும். முப்பது இட்லி கம்மியாகச் சுட்டு, கூடுதல் காசு. விலை ஏற்ற பயப்படுகிறோம். கணக்கு போட்டுப் பார்த்துவிட்டுப் பயப்படுவோம்.

இரண்டாவது, இரண்டு டப்பா. கடைக்காசு ஒன்றில், வீட்டுக்காசு ஒன்றில். கடையிலிருந்து உனக்குக் கூலி எடுத்துக்கொள். அது வீட்டு டப்பாவுக்குப் போகட்டும். "கடைக்காசில நூறு குடு" என்று வீட்டுக்காரர் கேட்டால், "நாளைக்கு உளுந்து யாரு வாங்குவா?" என்று கேள். அண்ணன்மார்களுக்குக் கோபம் வரும். வரட்டும். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வந்து மனைவியின் கல்லாவில் கைவிடுகிற தோழர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தினமும் ராத்திரி ஒரு நோட்டில் மூணே வரி: இன்றைக்கு வந்தது, போனது, பாக்கி. எழுதத் தெரியாவிட்டால் பிள்ளை எழுதட்டும். கணக்கு மட்டும் உன் வாயிலிருந்து வரவேண்டும்.

மூன்றாவது, பாக்கி. "கடன் அன்பை முறிக்கும்" என்று ஊர்த்தெருக் கடையில் பலகை மாட்டியிருப்பார்கள். அதே பலகையை நாம் மாட்டினால் அன்பு மட்டுமா முறியும்? எலும்பும் முறியும். தின்றுவிட்டு "எழுதிக்க" என்று போகிறவனிடம் காசு கேட்பது நமக்கு வெறும் வியாபாரம் இல்லை. "எங்கிட்டயே கேக்குறியா" என்பான். என் அக்கா நோட்டில் நாலாயிரத்துச் சொச்சம் நின்றது. அதனால் முதல் நாளே தீர்மானம் செய்யுங்கள். யாருக்கும் பாக்கி இல்லை, சொந்தக்காரருக்கும் இல்லை. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றால் சண்டைக்கு வருகிறவனுக்குக் காரணம் குறைகிறது. ஒருத்தியாக நின்று கேட்காதீர்கள். சங்கமாக நின்று கேளுங்கள்.

நான்காவது, வட்டி. தண்டல் கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவான். தினம் நூறு, நூறு நாள். "ஆயிரத்தைந்நூறுதானே" என்கிறோம். அது நூறு நாளைக்கான வட்டி, வருஷத்துக்கானது இல்லை. அதிலும் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறோம். சராசரியாகப் பார்த்தால் நாலரை ஆயிரத்தை நூறு நாள் வைத்திருக்க 1,500 ரூபாய். வருஷத்துக்கு ஏறத்தாழ 120 சதவீதம். இட்லி விற்ற காசில் தண்டல்காரன் வீடு கட்டியது இப்படித்தான். தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003லேயே சட்டம் வந்தது. ஆனாலும் நாம் அவனிடமே போகிறோம். ஏன்? அவன் நம் வாசலுக்கு வருகிறான். வங்கி "நாளைக்கு வா" என்கிறது. சொன்னவள் நான்தான்.

வாராவாரம் கட்டும் மைக்ரோ கடனில் இருப்பவர்களுக்கு ஒன்று. ரிசர்வ் வங்கி 2022ல் கொண்டுவந்த விதிப்படி, எல்லாச் செலவும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வட்டி என்று ஒரே தாளில் எழுதித் தரவேண்டும். உங்கள் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கையெழுத்து என்றதும் இன்னொன்று. குழுவில் உன் பெயரில் எடுத்து வேறொருவர் செலவு செய்கிற கடன் நம் தெருவில் எத்தனை? வீட்டுக்காரர் வண்டிக்கு, கொழுந்தன் கல்யாணத்துக்கு. அவர்கள் கட்டாவிட்டால் கெடுவது உன் பெயர். பிறகு உன் கடைக்கென்று கேட்கும்போது கம்ப்யூட்டர் "இல்லை" என்கிறது. அந்தக் கடன் அறிக்கையை வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். மாணவத் தோழர்களே, போனில் ஊர்க்கதை பார்க்கிற நேரத்தில் தெருவில் பத்து அக்காமாருக்கு இதை எடுத்துக் கொடுங்கள். அதுவும் களப்பணிதான்.

ஐந்தாவது, கண்ணாடிக்கு இந்தப் பக்கத்து ரகசியங்கள். "அடமானம் என்ன வெச்சிருக்க?" என்றுதான் முதல் கேள்வி வரும். நம்மிடம் நிலம் ஏன் இல்லை என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் அறிக்கை கொடுத்து, 1892ல் நமக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கினார்கள். அது இன்று யார் பட்டாவில் இருக்கிறது? நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவர்களின் பேரன் வந்து கவுண்டரில் பத்திரத்தை நீட்டுகிறான். நாம் வெறுங்கையோடு நிற்கிறோம். இதற்குப் பெயர் தகுதியாம்.

ஆனால் விதி என்ன சொல்கிறது? குறு, சிறு தொழிலுக்குப் பத்து லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொல்லிவிட்டது. 2015ல் தொடங்கிய முத்ரா கடனும் அடமானம் இல்லாததுதான். ஐம்பதாயிரம் வரை சிசு, ஐந்து லட்சம் வரை கிஷோர், பத்து லட்சம் வரை தருண். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. "நான் பண்ணித் தரேன், ஆயிரம் குடு" என்கிற புரோக்கரை விரட்டுங்கள். தாட்கோவிலும், 2023ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் பெயரிலான தொழில் திட்டத்திலும் மானியம் உண்டு. மானியம் வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். தொழில் நடக்கும் என்று கணக்கு போட்டு வாங்குங்கள்.

விண்ணப்பத்தை வாயால் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இன்னொரு விதி நம் ஜனங்களில் பலருக்குத் தெரியாது. வங்கிக்காரர்களும் சொல்ல மாட்டார்கள். தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர் விண்ணப்பத்தைக் கிளை மேனேஜரே நிராகரிக்கக் கூடாது. அவருக்கு மேலே இருக்கிற அதிகாரிதான் நிராகரிக்க வேண்டும், காரணத்தோடு. இது ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. "சார், ரிஜக்ட் பண்றதா இருந்தா மேலிடத்துக்கு அனுப்பி எழுத்துல குடுங்க" என்று ஒருத்தி சொல்லிப் பாருங்கள். நாற்காலி தானாக வரும். அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குக் காசு செலவில்லாமல் எழுதலாம். என்னை அன்றைக்கு இந்த ஒரு வாக்கியத்தை அக்கா கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? தெரியாத விதியை அவள் எப்படிக் கேட்பாள்? தெரிந்தவள் நான்.

கடைசியாகப் பெயர்ப்பலகை. "நம்ம ஆளுன்னு தெரிஞ்சா வாங்கமாட்டாங்க தோழர். மறைக்கிறதா, சொல்றதா?" என்று காலையில் ஒரு தங்கச்சி கேட்டாள். 1917ல் லண்டனிலிருந்து பம்பாய் திரும்பிய அம்பேத்கர், பிழைப்புக்காகப் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் நடத்திப் பார்த்தார். தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். 1923ல் ரூபாயின் பிரச்சினை பற்றிப் புத்தகம் வெளியிட்டவருக்கே இந்த நிலைமை. 2018ல் அவிநாசிப் பக்கத்தில் ஒரு தலித் சத்துணவுச் சமையலர் சமைக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் தகராறு செய்தார்கள். சோற்றில் சாதி பார்க்கிற நாட்டில் நாம் சோற்றுக்கடை போடுகிறோம்.

மறைத்து விற்கிறவளை நான் குறை சொல்லமாட்டேன். அவள் பிள்ளை சாப்பிடவேண்டும். பெயரைச் சொல்லி விற்கிறவளுக்குப் பக்கத்தில் நாம் நிற்கவேண்டும். பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி வாசல், கம்பெனி கேட் என்று பல ஊர் ஜனம் புழங்குகிற இடத்தில் கடை போடுங்கள். ஒரே தெருவை நம்பாதீர்கள். 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி விற்பனைச் சான்று வாங்கி வையுங்கள். கடை போடவிடாமல் தடுத்தால், "இவகிட்ட வாங்காதீங்க" என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டால், அது வன்கொடுமை. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2015 திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றம் என்று தெளிவாகச் சொல்கிறது. இந்தச் சட்டத்தில் வழக்குப் பதிய வைக்க மாணவத் தோழர்கள் கூடவே காவல் நிலையம் போகவேண்டும். துண்டறிக்கை மட்டும் அடித்தால் போதாது.

இட்லி விற்றுச் சாதியை ஒழித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நிலம் கேட்கிற போராட்டத்தை, கூலிப் போராட்டத்தை விட்டுவிட்டு எல்லோரும் முதலாளி ஆகிவிடுங்கள் என்று அரசாங்கம் சொல்கிறது. அந்தப் பேச்சை நம்பாதீர்கள். ஆனால் நாளைக் காலை ஊர்த்தெருவில் கை நீட்டாமல் ஒருத்தி அடுப்பு பற்றவைக்க முடிந்தால், அவள் அடுத்த போராட்டத்துக்குக் கூலி போகுமே என்ற பயமில்லாமல் வருவாள். எனக்கு அது போதும்.

இப்போது கைதட்டவேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதுவோம். ஆதார், சாதிச் சான்று, பாஸ்புக், ஒரு நோட்டு, பேனா எடுத்துவாருங்கள். திங்கட்கிழமை காலை என் கிளைக்கு வாருங்கள். "பாப்பா" என்று சத்தமாகவே கூப்பிடுங்கள். எழுந்து வருகிறேன்.